பெயர் தவிர மற்றதெல்லாம்

அத்தியாயம் 11

“பள்ளிக்கூட வேலையா விழுப்புரம் வரைக்கும் போயிட்டு வர்றேம்மா.”

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள் துர்கா. இருபத்தெட்டு வயதாகிறது, நான்கு வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அம்மாவிடம் பொய் சொல்ல மட்டும் இன்னும் பழகவில்லை.

தனம் டிபன் பாக்ஸைப் பையில் திணித்தாள். “வெளிய ஒண்ணும் வாங்கித் துன்னாத. அஸ்வினியை மத்தியானம் நானே போய்க் கூட்டிக்கினு வந்துடறேன். நீ ஜல்தி வந்து சேரு.”

கடைசி வார்த்தைகள் துர்காவின் காதில் விழவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இப்போதெல்லாம் வீட்டுக்குள் பாதிப் பேச்சு அவளுக்கு இப்படித்தான்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறவழிச்சாலையைப் பிடித்ததும் எஞ்சின் இரைச்சல் கூடியது. கூடவே அவள் காதும் திறந்துகொண்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் யாருடைய சீமந்தத்துக்கோ பட்டுப்புடவை எடுத்ததைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு சொல் தவறாமல் கேட்டது. அமைதியான இடத்தில் அடைத்துக்கொள்ளும், சத்தத்தில் திறந்துகொள்ளும் விசித்திரமான காது.

போன மாதம் பாண்டிச்சேரி டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

“இந்த வியாதியில அப்படித்தாம்மா. காதுக்குள்ள இருக்கற குட்டி எலும்பு இறுகிப் போவுது. பிரசவத்துக்கப்புறம் அதிகமாகும். பெரும்பாலும் பரம்பரையா வர்றது. உங்க குடும்பத்துல யாருக்காவது உண்டா?”

துர்கா வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

“யாருக்கும் இல்லீங்க டாக்டர். எங்க வம்சத்துலயே கெடையாது.”

துர்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தனம் சுவரில் தொங்கிய காது படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வம்சத்தில் துர்கா பிறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், 2010-இல், அப்பா சுப்புராயன் மாரடைப்பில் போனார். பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா விருத்தாசலம் அத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்தார். “எடுத்து வளத்த பொண்ணை நம்பி எந்தம்பி காரியத்தை வுட முடியுமா? எம்மவன் கொள்ளி வெக்கட்டும்.” பதினாறாம் நாள் கழிந்து துர்கா கேட்டபோது தனம் மூன்றே வார்த்தைகளில் முடித்தாள். “விழுப்புரம் இல்லத்துல எடுத்தோம்.” அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

துர்காவும் கேட்காமல்தான் இருந்தாள். ஆனால் அந்த டாக்டர் கடைசியாகச் சொன்னது அவளைத் தூங்கவிடவில்லை. “பரம்பரைன்னா உங்க குழந்தையையும் வருஷா வருஷம் பாக்கணும். இல்லன்னா காரணம் வேறயா இருக்கும், வேற டெஸ்ட் எடுக்கணும். நல்லா விசாரிச்சு வந்து சொல்லுங்க.”

யாரிடம் விசாரிப்பது? அஸ்வினியின் காது வெற்றிலைக் கொழுந்து மாதிரி சின்னதாக, அழகாக இருக்கும். தூங்கும் குழந்தையின் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே துர்கா பல இரவுகள் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் விழுப்புரத்துக் குழந்தைகள் இல்லத்துக்கு மனு எழுதிப் போட்டாள். இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றது. எஞ்சினை அணைத்தார் டிரைவர். முன் சீட்டுச் சண்டை சட்டென்று கேட்காமல் போனது. அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று துர்காவுக்குத் தெரியவில்லை.

*

இல்லம் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. முற்றத்துக் கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணிகள் காய்ந்தன. அவற்றைக் கடந்து போவதற்குத் துர்கா கொஞ்சம் நின்று மூச்சு விட வேண்டியிருந்தது. இதே கொடியில் என் துணியும் காய்ந்திருக்கும்.

ஆலோசகர் தமிழ்ச்செல்வி துர்காவைவிடச் சின்னவளாக இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

துர்காவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

இப்படிப்பட்ட விஷயங்களை மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குரலைத் தாழ்த்தி, கனிவாக, மேஜையைப் பார்த்தபடி பேசினாள். உதட்டைப் படிக்கவும் வழியில்லை.

“மேடம், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்றீங்களா?”

தமிழ்ச்செல்வி திரும்பிச் சாத்திய கதவைப் பார்த்தாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் குரலை ஏற்றினாள். அதுவும் போதவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருடத்து மின்வெட்டுக்கு நேரம் காலமே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு, கட்டடமே அதிர உறுமத் தொடங்கியது.

தமிழ்ச்செல்வி கையை விரித்தாள். “சாரிங்க. கரண்ட் வந்த பிறகு பேசலாமா?”

“இல்ல மேடம், இப்பவே பேசுங்க!” துர்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “இப்பதான் எனக்கு நல்லா கேக்குது.”

தமிழ்ச்செல்விக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பேரு, ஊரு, விலாசம் மூணும் சொல்ல மாட்டேன். பெத்தவங்க சம்மதம் இல்லாம அதைச் சொல்லக் கூடாது. மத்தது இங்க பதிவாகி இருக்கறது எல்லாம் சொல்லலாம். சரிங்களா?”

“சரி.”

“உங்களைப் பெத்த அம்மாவுக்கு அப்ப இருபது வயசு. கடலோர ஊர். மீன்புடிக் குடும்பம். மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்காங்க. நல்ல கருப்பு, சராசரி உயரம், தலைமுடி ரொம்ப அடர்த்தின்னு எழுதியிருக்காங்க.”

துர்காவின் கை தானாகப் பின்னலுக்குப் போனது. திண்டிவனத்து வீட்டில் தனத்துக்கு எலிவால் கூந்தல். “எங்கிருந்துடி உனக்கு இந்த முடி” என்று சின்ன வயதில் சீவிவிடும்போதெல்லாம் தனம் கேட்பாள். கேட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

“கல்யாணம் ஆனவங்கதான். நீங்க பொறந்து கொஞ்ச நாள்ல உங்க அப்பா கடலுக்குப் போயி, திரும்பல.” தமிழ்ச்செல்வி நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். துர்கா தலையசைத்தாள். “அடுத்தது நீங்க கேட்டு எழுதியிருந்த விஷயம். அந்தம்மாவுக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. இன்னொண்ணு அரைகுறை. அவங்க அம்மாவுக்கும் அப்படியே.”

ஆக, பரம்பரைதான்.

இத்தனை நாள் தெரிய வேண்டும் என்று தவித்தது தெரிந்துவிட்டது. ஆனால் துர்காவின் மனம் அஸ்வினியிடமும் டாக்டரிடமும் போகாமல், முகம் தெரியாத அந்த இருபது வயதுப் பெண்ணின் குடிசையில் போய் நின்றது.

“ஏன் குடுத்தாங்க?”

“அவங்க சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க. அப்ப எங்க இல்லத்துல இருந்த லூர்துமேரி அம்மாதான் கேட்டு எழுதினவங்க. உங்களுக்கு நாலு மாசம் இருக்கும்போது ராத்திரி ஜுரம் வந்திருக்கு. அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. பக்கத்துல படுத்திருந்தவங்களுக்குக் கேக்கல. விடியக்காலம் அக்கம்பக்கத்துக்காரங்க வந்து தட்டி எழுப்பியிருக்காங்க.” தமிழ்ச்செல்வி பதிவேட்டில் விரல் வைத்துப் படித்தாள். “‘எம்புள்ள அழுதது எனக்குக் கேக்கல. கேக்கறவங்க யாராச்சும் வளக்கட்டும்’னு சொல்லிக் குடுத்திருக்காங்க.”

துர்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். போன வாரம்தான் நடந்தது. அஸ்வினி வயிற்று வலியில் அழுதிருக்கிறாள். அடுத்த அறையிலிருந்து தனம் ஓடிவந்து குழந்தையைத் தூக்கி, ஓமத்தண்ணீர் கொடுத்துத் தூங்கவும் வைத்துவிட்டாள். காலையில் சொல்லித்தான் துர்காவுக்குத் தெரியும். அந்தக் கடலோரப் பெண்ணுக்கு அடுத்த அறையும் இல்லை, அதில் ஒரு தனமும் இல்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லலாமா வேணாமான்னு நேத்து முழுக்க யோசிச்சேன்.” தமிழ்ச்செல்வி தயங்கினாள். “தொண்ணூத்தி மூணுல அந்தம்மா திரும்ப இங்க வந்தாங்க. உங்களைப் பாக்கணும்னு கேக்கல. எங்க இருக்கீங்கன்னும் கேக்கல. ‘எம் பொண்ணுக்குக் காது கேக்குதா?’ன்னு மட்டும் கேட்டாங்க. உங்க வீட்டுல கேட்டுச் சொல்றதுக்காக லூர்துமேரி அம்மாவே திண்டிவனத்துக்கு...”

கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது.

தமிழ்ச்செல்வியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

“மேடம்! கேக்கல மேடம். திண்டிவனத்துக்கு வந்து?”

தமிழ்ச்செல்வி இன்னொரு முறை சொன்னாள். துர்கா தலையை ஆட்டினாள். கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண் வேறு வழியில்லாமல், மூடிய கதவையும் மறந்து கத்தினாள்.

“உங்க வீட்டு வாசல்லயே நிறுத்தி, உங்க அம்மா பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க!”

பக்கத்து அறையில் பாடம் நின்றது. சமையல்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தமிழ்ச்செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து மீதியைச் சொன்னாள்.

அந்தம்மா அடுத்தடுத்த வருடங்களிலும் வந்தாள். அதே கேள்வி. இல்லத்தில் ஒவ்வொரு முறையும் தெரியவில்லை என்றார்கள். தொண்ணூற்றாறுக்குப் பிறகு அவள் வந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. லூர்துமேரியும் அடுத்த வருடமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

“நீங்க விருப்பப்பட்டா இப்ப ஒரு பதில் சொல்லி வெக்கலாம். அவங்க எப்பவாச்சும் வந்தா நாங்க சொல்லுவோம். இல்லன்னாலும் தப்பில்ல. யோசிச்சு போன் பண்ணுங்க.”

துர்கா எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

“மேடம், அவங்க எப்படிப்பட்டவங்க? சிரிச்சுப் பேசுவாங்களா, கோவக்காரங்களா?”

தமிழ்ச்செல்வி உதட்டைப் பிதுக்கினாள். “அதெல்லாம் எழுத மாட்டாங்கக்கா.”

அதுவரை நீங்க என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில் அக்கா என்று சொல்லிவிட்டாள்.

*

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தனம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். பொரித்த அப்பளத்தைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி, நமத்துப்போகாமல் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தாள். துர்காவால் ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. மூடி வைத்தாள்.

போன் அதிர்ந்தது. ஷார்ஜாவிலிருந்து பார்த்திபன். அங்கே குளிர்சாதனக் குழாய் வேலை. மூன்று வருடத்தில் ஒரு முறை வந்துபோனான். காது மந்தமான கதையை அவனிடம் அவள் சொல்லவே இல்லை. முதலில் அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினாள். பிறகு அதுவே பழகிவிட்டது.

“இன்னா துர்கா, எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு.”

“விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுங்க. சாப்புட்டீங்களா?”

“ஆச்சு. பாப்பா எப்படி இருக்கா? நீ எப்படி இருக்க?”

சேலம், திருச்சி, கள்ளக்குறிச்சி என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்த அந்த இரைச்சலில் கணவனின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. அவன் மூச்சு விடுவது வரைக்கும். துர்கா ஆசையாகப் பேசினாள். அஸ்வினி புதுப் பாட்டு ஒன்று கற்றுக்கொண்டதைச் சொன்னாள். வாசல் முருங்கை காற்றில் முறிந்ததைச் சொன்னாள்.

“அட, இன்னிக்குத்தான் வாயைத் தொறந்து பேசற நீ,” என்றான் பார்த்திபன். “வீட்டுல இருந்து பேசினா எதுக்கெடுத்தாலும் ‘உம்’முன்னு வெச்சிடற. எனக்குப் பேஜாரா பூடுது. எம்மேல எதனா கோவமோன்னு நெனச்சிக்கினு படுப்பேன்.”

“கோவம் இல்லீங்க. எனக்கு வீட்டுல போன்ல கேக்கறதில்ல. காது... கொஞ்ச கொஞ்சமா கேக்காம போய்க்கினு இருக்கு.”

எதிர்முனையில் சத்தமில்லை. அவன் பேசாமல் இருக்கிறானா, லைன் போய்விட்டதா, இல்லை தனக்குத்தான் கேட்கவில்லையா என்று துர்காவுக்குத் தெரியவில்லை. “ஏங்க? ஏங்க?” என்றாள். போனை எடுத்துப் பார்த்தாள். இணைப்பு அறுந்திருந்தது. திரும்ப அழைத்துப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் அவளைப் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

திண்டிவனம் வந்து சேர்ந்தபோது தனம் கூடத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அஸ்வினி உரித்த கடலைத்தோலை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“வா,” என்றாள் தனம். “உடம்பு தேவலையா?”

“என் உடம்புக்கென்ன?”

“அதான் நானும் யோசிக்கிறேன். பாப்பாவைக் கூப்புடப் போனா உங்க பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க, துர்காவுக்கு ஜுரம் வுட்டுதான்னு. லீவு போட்டியாமே?” தனம் நிமிரவில்லை. “எங்க போன?”

துர்கா பையைக் கீழே வைத்தாள். இனி பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. அம்மாவுக்கு எதிரே, உதடு தெரிகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தாள்.

“இல்லத்துக்குப் போனேன்.”

தனத்தின் விரல் நின்றது. ஒரு மல்லாட்டை உடையாமல் அப்படியே விரலிடுக்கில் இருந்தது.

“தொண்ணூத்தி மூணுல லூர்துமேரின்னு ஒருத்தவங்க நம்ம வூட்டுக்கு வந்தாங்களாம்மா?”

“வந்தா. வெள்ளைப் பொடவை கட்டிக்கினு, கொடையைப் புடிச்சிக்கினு. மோர் குடுத்தேன். குடிச்சிட்டுப் போனா.”

“பதில் குடுத்தியா?”

“குடுக்கல.” தனம் இப்போது தலை நிமிர்ந்தாள். குரல் உயர்ந்தது. துர்காவுக்காகவா, கோபத்தாலா, தெரியவில்லை. “இன்னிக்கி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீ என்ன வேணா நெனச்சுக்கோ. இந்த வருஷம் காது கேக்குதான்னு கேப்பா. கேக்குதுன்னு சொன்னா அடுத்த வருஷம் படிக்கிறாளான்னு கேப்பா. அப்புறம் தூர நின்னு பாக்கறேன்னுவா. அப்புறம்? பெத்தவளுக்குப் பயம் இல்லடி. எடுத்துக்கினு வந்தவளுக்குத்தான் கதவைத் தட்டுற சத்தம் கேட்டாலே பயம்.”

“டாக்டர்கிட்ட ஏம்மா பொய் சொன்ன? உனக்கு அப்பவே தெரியும் இல்ல, அவங்களுக்குக் காது கேக்காதுன்னு?”

“தெரியும். சொல்லித்தான் குடுத்தாங்க. எங்களுக்கு முன்னாடி ரெண்டு ஜோடி வந்து பாத்துட்டு, அந்தச் சமாசாரம் தெரிஞ்சதும் வேணாம்னு போயிட்டாங்களாம். உங்கப்பா கூட யோசிச்சாரு. நான் யோசிக்கல. தூக்கினேன். தூக்கினதும் என் ரவிக்கையைப் புடிச்சிக்கின.” தனம் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “உனக்கு அஞ்சு, ஆறு, ஏழுன்னு வயசு ஏற ஏற எனக்குத் தூக்கமே போச்சு. நீ வெளையாடிக்கினு இருக்கும்போது பின்னாடி வந்து நின்னு, வாய்க்குள்ளயே ‘துர்கா’ம்பேன். நீ திரும்பிப் பாத்தாதான் அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கும். உனக்குக் கேக்கணும், உனக்குக் கேக்கணும்னு எத்தினி கோயிலு...”

“அதையேதானேம்மா அவங்களும் கேட்டாங்க.”

தனம் கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள்.

அஸ்வினியின் கடலைத்தோல் வீடு சரிந்தது. குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

தனம் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். வாசற்படியில் நின்று, திரும்பாமல் ஏதோ சொன்னாள். தோள் அசைந்தது. கழுத்து அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னாள்.

“என்னம்மா சொன்ன?”

தனம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “ஒண்ணுமில்ல. கை கால் அலம்பிக்கினு வா. சோறு ஆறிடும்.”

அவள் முதுகைக் காட்டிச் சொன்னது என்ன என்று துர்காவுக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

*

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. துர்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தெருவைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அப்பா லாரி சீட்டுகளுக்கு உறை தைத்த கடை சாலையோரம் பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் நின்றாள். சென்னைப் பக்கமும் திருச்சிப் பக்கமும் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பேசுவதற்கு அவளுக்குத் தோதான இடம் அதுதான்.

தமிழ்ச்செல்வி உடனே எடுத்தாள். “சொல்லுங்கக்கா. நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்.”

“மேடம், அந்தப் பதிலைச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க.”

என்ன சொல்வது? கேட்கிறது என்றால் பொய். கேட்கவில்லை என்றால், எதற்குப் பயந்து அந்தம்மா பிள்ளையையே கொடுத்தாளோ அது நடந்துவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் கழித்து ஒருத்திக்குச் சொல்கிற சேதியா அது?

யாரோ அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

தனம். இடுப்பில் அஸ்வினி, காலில் செருப்பில்லை, மேல்மூச்சு வாங்கியது. “பைத்தியமாடி உனக்கு? ரோட்டோரம் நின்னுக்கினு... ஆரன் அடிச்சா உனக்குக் கேக்குமா? தேடாத எடமில்ல!”

“கேக்கும்மா. இங்க கேக்கும்.”

“யார் போன்ல? அந்த இல்லத்துப் பொண்ணா?”

துர்கா தலையசைத்தாள். தனம் குழந்தையை இறக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டாள். தடுக்க வேண்டும் என்று துர்காவுக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தடுக்கவில்லை.

“நான் தனம் பேசறேன். துர்காவோட அம்மா.” நெடுஞ்சாலைக்கே கேட்கிற குரலில் தனம் ஆரம்பித்தாள். “அப்ப உங்க லூர்துமேரி அம்மா கேட்டதுக்கு இப்ப சொல்றேன். எழுதிக்கோ. கேட்டுது. நான் வாய்க்குள்ள கூப்புட்டாக்கூட திரும்பிப் பாப்பா, அவ்வளவு நல்லா கேட்டுது. கல்யாணம் ஆயி, ஒரு கொழந்தை பொறக்கற வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. இப்பதான் மங்கிக்கினு வருது. டாக்டர்கிட்ட காட்டிக்கினு இருக்கோம். ஆபரேசன் பண்ணினா சரியாவுமான்னு கேக்கப் போறோம். பெத்தவங்க பண்ண தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. ராத்திரில பேத்தி அழுதா நான் எழுந்திரிக்கிறேன்னு சொல்லு.”

அப்புறம் தனம் பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை “எப்ப?” என்றாள். இன்னொரு தடவை “அப்படியா?” என்றாள். கடைசியில் “சரிம்மா” என்று போனைத் துர்காவிடம் கொடுத்தாள்.

“என்ன சொல்றாங்க?”

தனம் சாலையைப் பார்த்தாள். ஒரு நீளமான டிரெய்லர் லாரி கடந்து முடிகிற வரை பார்த்தாள்.

“நீ அங்கேர்ந்து கெளம்பின பிறகு அந்தப் பொண்ணு லூர்துமேரியை விசாரிச்சுப் பேசியிருக்கா. உன்னைப் பெத்தவங்க இல்லத்துக்கு வர்றதை வுட்டாங்களே தவிர, லூர்துமேரி வூட்டுக்கு வர்றதை வுடலியாம். பண்டிகைக்குப் பண்டிகை வருவாங்களாம். இன்னும் வந்துக்கினுதான் இருக்காங்களாம்.”

“எதுக்கும்மா?”

“பதிலுக்கு.”

துர்கா அஸ்வினியை இறுக்கிக்கொண்டாள். குழந்தை நெளிந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை லூர்துமேரி நேர்ல போயி சொல்லிடுவாங்களாம். கையோட, பாக்கறதுக்குச் சம்மதமான்னும் கேப்பாங்களாம். அவங்க சரின்னு சொன்னா, இல்லத்துல வெச்சுப் பாக்கலாமாம்.” தனம் முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். துர்காவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். “அப்படி ஆச்சுன்னா... நான் கூட வரட்டுமா?”

எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டறியாதவள் தனம். அந்தக் குரலில் அவள் பேசித் துர்கா கேட்டதே இல்லை.

வா என்று சொல்லத்தான் துர்கா நினைத்தாள். ஆனால் வேறு ஏதோ வந்தது.

“அஸ்வினியை யாரும்மா பாத்துப்பாங்க?”

“ஆமா,” என்றாள் தனம். “ஆமாமா. பாப்பாவை யாராவது பாத்துக்கணும் இல்ல.”

குழந்தையைக் கை நீட்டி வாங்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஒரு லாரி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வீட்டுத் தெருவைப் பார்த்து முன்னால் நடக்கத் தொடங்கினாள்.